முட்டி தேய்மானத்துக்கு மூட்டைக் காப்பாற்றும் அறுவை: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

எலும்பை வெட்டி நிமிர்த்துவதா, வெளிச்சட்டம் போட்டு மூட்டை விரிப்பதா, சிறு துளை (கீஹோல்) போட்டு மூட்டைச் சுத்தம் செய்வதா, எது பெஸ்ட் என்று முதுநிலை மாணவர்கள் வரிசையாக வந்து கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் கேட்டதும் இதே கேள்விதான். காலின் அச்சைப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது. சர்க்கரை, எடை, புகை பற்றியெல்லாம் எல்லோரும் விசாரித்துவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

வளைவு முழுவதையும் எலும்பின் தலையில் கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்குப் போடும் கோடுதான் காலின் அச்சு; வில்காலில் அது முட்டியின் உட்பக்கமாக ஓடும். பாரம் அங்கேதான் இறங்குகிறது. கீழ்க்கால் எலும்பை முட்டிக்குச் சற்றுக் கீழே வெட்டி அந்தக் கோட்டை வெளிப்பக்கம் தள்ளுவதுதான் ஹெச்.டி.ஓ. எவ்வளவு தள்ளுவது? கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டை மேடை என்போம்; உள்விளிம்பிலிருந்து அளந்தால் அதன் அகலத்தில் 62.5 சதவீதம் என்று ஃபுஜிசாவா புள்ளியைப் மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் கோணத்தை அளந்து திட்டத்தை நீட்டுவார்கள்.

சமீபத்தில் அப்படி ஒரு திட்டம் வந்தது. நின்றபடி எடுத்த முழுக்கால் எக்ஸ்ரேதான், அதில் குறையில்லை. ஆனால் முட்டிச்சில்லு நடுவில் இல்லை, வெளியே திரும்பியிருந்தது. படமெடுத்தபோது நோயாளி பாதத்தைத் திருப்பி நின்றிருக்கிறார். கோணத்தின் முதல் பிழை அங்கேயே ஆரம்பம். மூட்டின் வெளிப்பக்கமோ வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தப் பிளவு எலும்பில் உள்ள வளைவல்ல, தளர்ந்த தசைநாரின் வேலை. அதையும் சேர்த்து எலும்பில் திருத்தினால், அறுவைக்குப் பின் பாரம் வெளிப்பக்கம் மாறியதும் பிளவு தானாக மூடிக்கொள்ளும். கால் மறுபக்கம் சாயும். வில்காலோடு வந்தவர், நடக்கும்போது முட்டியும் முட்டியும் இடிக்கிற காலோடு வீட்டுக்குப் போவார். இப்படி வேறிடத்தில் செய்துகொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மறுபடி வெட்ட வேண்டும் என்றதும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

வளைவு தொடை எலும்பில் இருந்தால் கீழே வெட்டாதீர்கள். அச்சு நேராகும், மூட்டுக் கோடு சாய்ந்துவிடும்.

கீஹோலில் கழுவி விடலாம் என்பது

2002-லேயே மோஸ்லி என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரின் குழு, சிலருக்குக் கீஹோல் செய்து, மற்றவர்களுக்குத் தோலில் வெறும் கீறல் மட்டும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டது. வலியில் வித்தியாசம் இல்லை.

வெளிச்சட்டத்தை ஹெச்.டி.ஓ.வுக்கு மாற்றாக நினைப்பது

மூட்டைச் சுமார் 5 மி.மீ. விரித்து, 6 வாரம் போல வைத்திருக்கும் முறை இது. கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிப்பது சகஜம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பெரிய வளைவை இது நிமிர்த்தாது.

எல்லாப் பக்கமும் தேய்ந்த முட்டி

வெட்டாதீர்கள்.

முன்னும் பின்னும் ஒரே அளவு விரிப்பது

ஹெச்.டி.ஓ.வில் எலும்பை வெட்டிய இடத்தை உட்பக்கம் ஆப்பு வடிவில் விரிக்கும்போது முன் இடைவெளி, பின் இடைவெளியில் ஏறத்தாழ பாதிதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடை பின்னோக்கிச் சரியும், முன் சிலுவைத் தசைநார் இழுபடும். வெட்டிய எலும்பைப் பிடிக்கும் பிளேட்டை முடுக்கும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள்.