ஓடும் நிரலில் கிளாஸின் பண்புகளை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் வீடு வாங்கப் போகிறவர், உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, சொத்து யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பத்திரத்தின் வழியாகக் கைமாறி வந்தது என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. இத்தனை எச்சரிக்கையுள்ள நம் ஊர் நிரலாளர்கள், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஓர் ஆப்ஜெக்டின் பண்பைத் தேடும்போது மட்டும் குடியிருப்பவரையே உரிமையாளராக எடுத்துக்கொள்கிறார்கள். நான் சரிபார்க்க நேர்ந்த நிரல்களில், இந்த வகைப் பிழைகளுக்குப் பெரும்பாலும் இதுவே வேராக இருந்தது. (கிளாஸ் என்பது வார்ப்பு, ஆப்ஜெக்ட் அதிலிருந்து உருவாகும் ஒவ்வொன்றும், பண்பு அவற்றில் பெயரிட்டு வைத்த மதிப்பு. பள்ளிப் பாடநூல் கிளாஸை இனக்குழு என்றும் ஆப்ஜெக்டைப் பொருள் என்றும் சொல்கிறது, பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை என்பதால் புழங்கும் சொற்களையே இங்கே எழுதுகிறேன்.)

முதலில் பைத்தான் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். மாநகரப் பேருந்துக்கு ஒரு கிளாஸ் எழுதுகிறோம். குறைந்தபட்சக் கட்டணம் கிளாஸிலேயே எழுதப்பட்ட பண்பு. தட எண் ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் தனியாகத் தரப்படும் பண்பு. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி ஓர் ஆப்ஜெக்ட் என்று வையுங்கள். அதனிடம் கட்டணம் என்ற பண்பு உண்டா என்று ஹேஸ்அட்டர் என்ற ஃபங்ஷன் கொண்டு கேட்டால் ஆம் என்று பதில் வரும். அந்த ‘ஆம்’ என்ற பதிலை நம்பி அதே ஆப்ஜெக்டிலிருந்து கட்டணத்தை நீக்கச் சொன்னால், அப்படி ஒரு பண்பே இல்லை என்று பிழை வரும். இரண்டு பதில்களும் சரியானவையே. இதுபோன்ற சாதாரணப் பண்பைப் படிக்கும்போது பைத்தான் ஆப்ஜெக்டின் சொந்த அகராதியில் (பெயர்களையும் மதிப்புகளையும் இணைத்து வைக்கும் இடம்) பார்க்கிறது, அங்கே இல்லையென்றால் கிளாஸிலும், பிறகு அதன் மூதாதைக் கிளாஸ்களிலும் வரிசையாகத் தேடுகிறது; நீக்கும்போதோ சொந்த அகராதியோடு நின்றுவிடுகிறது. வார்ஸ் என்ற ஃபங்ஷன் சொந்த அகராதியை மட்டுமே காட்டும் என்பதால், அதன் விடையை அப்படியே கோப்பில் சேமிக்கிறவர்களுக்குக் கட்டணம் விடுபட்டுப் போவதும் இதே காரணத்தால்தான். பண்பு எந்தக் கிளாஸில் பிறந்தது என்பது தெரிய வேண்டுமானால், அந்த மூதாதை வரிசையை ஒவ்வொன்றாக நடந்து, ஒவ்வொரு கிளாஸின் சொந்த அகராதியிலும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே வில்லங்கம் போடும் முறை. பல தாய்க் கிளாஸ்கள் இருக்கும்போது இந்த வரிசையை மனக்கணக்காக ஊகிக்க வேண்டாம், 2.3 பதிப்பு முதல் அதை நிர்ணயிக்கும் விதி ஒன்று உண்டு, கிளாஸிடமே கேட்டால் வரிசையைச் சொல்லிவிடும்.

இதன் இன்னொரு முகம், வார்ஸ் காட்டுகிறது என்பதாலேயே அது தனிச்சொத்து என்று நம்புவது. நிறுத்தங்கள் என்று ஒரு வெற்றுப் பட்டியலைக் கிளாஸில் எழுதிவிட்டு, 29சி வழியாக அதில் பெசன்ட் நகரைச் சேர்த்தால், தாம்பரம் போகும் 21ஜி-யின் நிறுத்தங்களிலும் பெசன்ட் நகர் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது பலருக்கும் தெரிந்த பழைய பொறி. பலர் கவனிக்காதது, கூட்டல் குறியும் சமக்குறியும் சேர்ந்த செயற்குறியால் சேர்க்கும்போது நடப்பது. அந்த ஒரே வரி கிளாஸில் உள்ள பட்டியலையும் மாற்றுகிறது, அதே பட்டியலை 29சி-யின் சொந்த அகராதியிலும் எழுதி வைக்கிறது. இப்போது வார்ஸ் கொண்டு பார்த்தால் 29சி-க்குத் தனிப் பட்டியல் இருப்பதுபோலத் தோன்றும். பத்திரம் புதியது, மனை பழையது. ஆகவே பெயர் எங்கே இருக்கிறது என்பதோடு நிற்காமல், இரண்டு பெயர்களும் சுட்டுவது ஒரே பட்டியலையா என்று ‘இஸ்’ கொண்டும் ஒப்பிட வேண்டும்.

பார்ப்பது பாதிப்பில்லாத செயல் என்று நினைப்பது, என் கணக்கில், எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும் தவறு. பெருங்குடியில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பிழை நேரும்போது ஆப்ஜெக்டின் எல்லாப் பண்புகளையும் பதிவுக் கோப்பில் எழுதும் சிறு உதவி ஃபங்ஷன் ஒன்று இருந்தது. ஆப்ஜெக்டில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் டிர் என்ற ஃபங்ஷன் கொடுக்கும் பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றின் மதிப்பையும் கெட்அட்டர் கொண்டு படிப்பதுதான் அதன் வேலை. அந்தப் பெயர்களில் ஒன்று வெறும் பண்பு அல்ல, பிராப்பர்ட்டி: பார்க்கப் பண்பு போலிருக்கும், படித்தால் உள்ளே ஒரு ஃபங்ஷன் ஓடும். அதைப் படிப்பது தரவுத்தளத்தில் ஒரு பெரிய வினவலை ஓடவிடுவதற்குச் சமம். தரவுத்தளம் திணறும்போது பிழைகள் பெருகும், பிழைகள் பெருகினால் பதிவுகள் பெருகும், பதிவுகள் பெருகினால் தரவுத்தளம் மேலும் திணறும். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது நாங்களே என்று கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. பிராப்பர்ட்டியை இயக்காமல் பார்க்க, இன்ஸ்பெக்ட் தொகுப்பில் 3.2 பதிப்பு முதல் கெட்அட்டர் ஸ்டேட்டிக் இருக்கிறது. அதே தொகுப்பின் கெட்மெம்பர்ஸ் பண்புகளைப் படிக்கும்போது பிராப்பர்ட்டிகளையும் இயக்கிவிடும். இயக்காத வடிவம் 3.11-இல்தான் வந்தது.

ஹேஸ்அட்டரும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை, ஏனென்றால் அதுவும் உள்ளே படித்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது. 3.2-க்கு முன் அது படிக்கும்போது எழும் மற்றப் பிழைகளையும் விழுங்கிவிட்டு, பண்பு இல்லை என்று சொல்லும்; அதன் பிறகு, பண்பு கிடைக்காதபோது எழும் அட்ரிபியூட் எரரை மட்டும் விழுங்குகிறது. இன்றும் பிராப்பர்ட்டியின் உள்ளே எங்கோ ஒரு பெயரைத் தவறாக எழுதி அட்ரிபியூட் எரர் எழுந்தால், பிராப்பர்ட்டியே இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். இருக்கிற பண்பை இல்லை என்று சொன்னால், முதலில் அந்த பிராப்பர்ட்டியின் உடலைப் படியுங்கள்.

டிர் தருவதை முழுப் பட்டியலாகக் கொள்வதும் தவறு. மனிதர் உட்கார்ந்து பார்ப்பதற்கு வசதியான பெயர்களைத் தருவதே அதன் நோக்கம். மெட்டாகிளாஸின் (கிளாஸையே உருவாக்கும் கிளாஸ்) பண்புகளைக் கிளாஸின் பட்டியலில் அது சேர்ப்பதில்லை, கிளாஸ் எழுதியவர் நினைத்தால் அதன் விடையையே மாற்றிவிடலாம். பண்புகளின் பெயர்களை முன்கூட்டியே அறிவிக்கும் ஸ்லாட்ஸைப் பயன்படுத்தும் கிளாஸின் ஆப்ஜெக்டுக்குச் சொந்த அகராதியே இல்லாததால் வார்ஸ் பிழை எழுப்பும். அது பரவாயில்லை, பிழையாவது தெரிகிறது. ஸ்லாட்ஸ் எழுதாத சேய்க் கிளாஸ் ஒன்று அதிலிருந்து பிறந்தால் அதன் ஆப்ஜெக்டுக்கு அகராதி வந்துவிடும், வார்ஸும் சத்தமில்லாமல் பாதிப் பண்புகளை மட்டும் காட்டிவிட்டுப் போகும்.

கிளாஸில் வகைக்குறிப்பு மட்டும் எழுதி மதிப்புத் தராமல் விட்ட பெயர் பண்பு ஆகாது. அது வகைக்குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் அனோட்டேஷன்களில் இருக்கும், ஹேஸ்அட்டரில் இருக்காது. 3.10-க்கு முன், குறிப்புகளே இல்லாத சேய்க் கிளாஸிடம் அனோட்டேஷன்களைக் கேட்டால் தாய்க் கிளாஸுடையதைத் தன்னுடையதுபோல எடுத்துக் கொடுக்கும். இரண்டு அடிக்கோடுகளில் தொடங்கும் பெயரின் முன்னால் கிளாஸின் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சரத்தில் அந்தப் பெயரை அப்படியே எழுதித் தேடினால் கிடைக்காது.

ஜாவா மொழியில் குழப்பம் இரண்டு முறைகளின் பெயரிலேயே தொடங்குகிறது. கெட்ஃபீல்ட்ஸ் பொதுவில் திறந்த புலங்களை (இதுவரை பண்பு என்றதற்கு இங்கே இந்தப் பெயர்), மரபாக வந்தவை உட்பட, தருகிறது. கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ் அந்தக் கிளாஸில் அறிவிக்கப்பட்ட எல்லாப் புலங்களையும் தருகிறது, மரபாக வந்தவற்றைத் தருவதில்லை. எல்லாம் வேண்டுமென்றால் தாய்க் கிளாஸ்கள்வழியே மேலே ஏறித் தொகுப்பதைத் தவிர வழியில்லை. கிடைக்கும் வரிசைக்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது. ஜாவாவின் சொந்த உள் கிளாஸ்களுடைய தனியார் புலங்களைத் திறந்து பார்க்கும் பழைய நிரல்கள், 2021-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து இயல்பு அமைப்பில் பிழை கண்டு நிற்கின்றன. இன்னொன்று, நம் கையால் எழுதாத புலங்களும் பட்டியலில் வரும். சோதனை எவ்வளவு நிரலைத் தொட்டது என்று அளக்கும் ஜாகோகோ, கிளாஸ்களுக்குள் தன் கணக்குக்காக ஒரு புலத்தைச் செருகுகிறது. அதனால் மேசையில் சரியாக ஓடிய சோதனை, சர்வரில் அளவீட்டோடு ஓடும்போது புலங்களின் எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது என்று தோற்கும். ஒவ்வொரு புலத்திடமும் அது செயற்கையானதா என்று கேட்க இஸ்சிந்தடிக் என்ற முறை இருக்கிறது. எண்ணத் தொடங்கும் முன் அதைக் கொண்டு வடிகட்டிவிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே எண் வரும்.