காவிரிக் கழிமுகத்துத் தொல்லிடங்களை ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) வரைபடத்தில் பதியும் முறை

கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் புதிய திட்டத்தைத் தொடங்கி, ஆயமுறையை (இடத்தை எண்களால் குறிக்கும் முறையை), உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலம் (மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 32644) என்று அமைத்துக்கொள்ளுங்கள். திருச்சி முதல் பூம்புகார் வரை அம்மண்டலத்துக்குள் அடங்குவதால், தொலைவையும் பரப்பையும் மீட்டரிலேயே அளக்கலாம். கோப்பை ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பு வடிவில் சேமியுங்கள். பலரும் பழகிய ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவம் தமிழுக்கு ஒவ்வாது: அதன் தகவல் அட்டவணையில் நெடுவரிசைத் தலைப்பு 10 பைட்டைத் தாண்டாது, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்வதால் ‘கல்வெட்டு’ என்ற தலைப்புகூட முழுமையாக நிற்காது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்களை (தாள் எண்கள் 58 எம், 58 என்) பொருத்தும்போது, அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய புவி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை என்பதை மென்பொருளுக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் இடம் 100 மீட்டருக்கு மேல் விலகி, திடலில் இருக்க வேண்டிய புள்ளி வயலில் விழும். தொல்பொருள் புதைந்த மேடுகள் வெட்டிச் சமப்படுத்தப்படுவதற்கு முந்தைய நிலத்தை அறிய, 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995இல் வெளியிட அனுமதிக்கப்பட்ட ‘கொரோனா’ என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் உதவும்.

கல்வெட்டுகளே இவ்வேலையின் கடினமான பகுதி. கல்வெட்டு வெட்டப்பட்ட கோயிலின் மீது ஒரு புள்ளி வைத்து முடித்துவிடுவது பரவலான வழக்கம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஈழத்து ஊர்களைக்கூடக் குறிப்பதால், அவ்வழக்கப்படி ஈழத்து நிலமும் தஞ்சையில் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே கல் இருக்கும் இடத்துக்குப் புள்ளி அடுக்கு ஒன்றும், கல் சொல்லும் நிலத்துக்குப் பரப்பு அடுக்கு ஒன்றும் தனித்தனியே உருவாக்கி, பொதுவான கல்வெட்டு எண்ணால் இணையுங்கள். ‘கீழ்பாற்கெல்லை’, ‘தென்பாற்கெல்லை’ என நாற்புறமும் வாய்க்காலையும் வதியையும் (வயல்களுக்கிடையே செல்லும் வழி அல்லது கால்வாய்) அண்டை ஊரையும் சுட்டும் வாசகத்தை அப்படியே ஒரு நெடுவரிசையில் எழுதி, இன்றைய கிராம வரைபடத்தில் அடையாளம் காணக்கூடிய எல்லைகளை மட்டும் கோடாக வரையுங்கள். மற்றவற்றை ஊகித்து மூடிவிட வேண்டாம். வாய்க்கால் பெயர் நிலைத்திருந்தாலும் அதன் போக்கு மாறியிருக்கலாம் என்பதால், ‘உறுதி’, ‘ஏறக்குறைய’, ‘ஊகம்’ என்ற நம்பகத்தன்மை நெடுவரிசை கட்டாயம் தேவை. பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்து கண்ட செங்கல் படகுத்துறையும், பெயர் மட்டும் எஞ்சிய பிரமதேயமும் (பிராமணர்களுக்குத் தானமாக அளித்த ஊர்) ஒரே குறியீட்டில் தோன்றக் கூடாது.

களத்தில் கைப்பேசி காட்டும் ஆயத்தொலைவோடு அதன் பிழையளவையும் குறித்துக்கொள்ளுங்கள்; தென்னந்தோப்புக்குள் அது கூடும். பொதுவில் வெளியிடும் படியில், காவலற்ற மேடுகளுக்கும் சிலைகள் உள்ள சிறு கோயில்களுக்கும் துல்லிய இடத்தை நீக்கி, வருவாய்க் கிராமத்தின் பெயரை மட்டும் கொடுங்கள்.