எஸ்.கியூ.எல். சேர்வரின் சேர்விஸ் கணக்கும் நினைவக உரிமையும்

எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் விண்டோசில் எந்தப் பயனர் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ அதுதான் சேர்விஸ் கணக்கு. அதில் விட்ட பிழை, சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியே தெரியாது. கரண்ட் போய், யூ.பி.எஸ். பற்றரியும் இறங்கி, கணினி திரும்ப எழும்பும்போதுதான் காட்டிக்கொடுக்கும். வன்னியில் விண்டோசில் எஸ்.கியூ.எல். சேர்வர் ஓட்டுகிற நெல் ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கணக்கையும் நினைவகத்தையும் சரிசெய்யும் வேலையைக் காலபோக அறுவடைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். மாசியில் தராசடியில் உழவுமெசின்கள் வரிசையாக நிற்கும்போது சேர்விசை நிறுத்த ஏலாது.

முதலில் கணக்கு. பக்கப் (டேட்டாபேசின் காப்புப் பிரதி) அதே கணினியில் உள்ள இன்னொரு ஹாட் டிஸ்குக்குத்தான் போகிறது என்றால், நிறுவும்போது தானாக வரும் ‘என்.டி. சேர்விஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்சேர்வர்’ கணக்கைத் தொடவே வேண்டாம். அதற்கு நாங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டும் இல்லை, காலாவதியும் இல்லை. ‘லோக்கல் சிஸ்டம்’ கணக்கைக் கொடுத்தால் தொல்லையில்லாமல் ஓடும் என்பார்கள். ஓடும்தான். ஆனால் டேட்டாபேசுக்குள் புகுந்தவனுக்கு முழுக் கணினியும் திறந்துவிடும்.

பக்கப் வேறு கணினிக்கோ நாஸ் பெட்டிக்கோ (நெட்வேர்க்கில் பூட்டும் சேமிப்புப் பெட்டி) போகவேண்டும் என்றால்தான் புதிய கணக்கு தேவை. பக்கப் கோப்பை எழுதுவது சேர்விஸ் கணக்கு, திரைக்கு முன்னால் லொகின் செய்திருப்பவர் அல்ல. உங்களுக்குத் திறக்கிற ஃபோல்டர் பக்கப்புக்கு மட்டும் ‘ஒப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5’ காட்டுவது இதனால்தான். டொமைன் (எல்லாக் கணினிகளின் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத அலுவலகத்தில் இரண்டு பக்கமும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் உள்ள சாதாரணப் பயனர் கணக்கை உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்க்கக்கூடாது. பகிர்வு அனுமதி, ஃபோல்டரின் செக்கியூரிட்டி அனுமதி இரண்டிலும் எழுதும் உரிமை கொடுங்கள். ஒன்றை விட்டாலும் அதே எரர் 5 வரும்.

‘பாஸ்வேர்ட் நெவர் எக்ஸ்பயர்ஸ்’ பெட்டியைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். விண்டோசின் வழமையான காலவரை 42 நாள். அது முடிந்த அன்று ஒன்றும் நடக்காது, ஓடுகிற சேர்விஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த கரண்ட் வெட்டுக்குப் பிறகு 1069 என்ற பிழையோடு எழும்பாமல் கிடக்கும்.

கணக்கை மாற்றுவது எஸ்.கியூ.எல். சேர்வர் கொன்ஃபிகரேஷன் மனேஜரில் மட்டும். விண்டோசின் சேர்விசஸ் பட்டியலில் மாற்றினால் கணக்கின் பெயர் மாறும், அதோடு சேர்ந்து மாறவேண்டிய அமைப்புகள் எல்லாம் மாறாது.

அடுத்தது நினைவகம். இங்கே வரிசை முக்கியம்: எஸ்.கியூ.எல். சேர்வர் எடுக்கக்கூடிய நினைவகத்தின் உச்ச வரம்பு முதலில், எடுத்ததை விண்டோஸ் பறிக்காமல் பூட்டும் உரிமை பிறகு. எஸ்.கியூ.எல். சேர்வரை நிர்வகிக்கும் மனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் சேர்வரை ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், மெமரி என்று போனால் ‘மெக்சிமம் சேர்வர் மெமரி’யில் 2147483647 எம்.பி. இருக்கும். எல்லையே இல்லை என்று அர்த்தம். டேட்டாபேஸ் மட்டும் ஓடும் 32 ஜி.பி. கணினிக்கு முக்கால் பங்கு, அதாவது 24576 போடலாம். தராசு மென்பொருளும் கணக்கு மென்பொருளும் அதே கணினியில் 8 ஜி.பி. தின்னும் என்றால் அதை முதலில் கழித்து, மீதி 24 ஜி.பி.யில் முக்கால்: 18432. இதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை.

எஸ்.கியூ.எல். சேர்வரின் எரர் லொக்கில் (பிழைப் பதிவேட்டில்) 17890 தென்பட்டால், விண்டோஸ் டேட்டாபேசின் நினைவகத்தை ஹாட் டிஸ்குக்குத் தள்ளியிருக்கிறது. கேள்வி ஒன்றுக்குப் பதில் வர நிமிடக்கணக்கில் இழுக்கும். ‘லொக் பேஜஸ் இன் மெமரி’ உரிமை அதைத் தடுக்கும். வரம்பு போடாமல் இதைக் கொடுத்தால் பூட்டிய நினைவகத்தை விண்டோஸ் திருப்பி எடுக்கமுடியாமல் கணினியே திணறும். இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு இது வேண்டாம். டேட்டாவை வைத்திருக்கும் அதன் நினைவகப் பகுதி (பஃபர் பூல்) 1410 எம்.பி.யைத் தாண்டாது.

லொக்கல் செக்கியூரிட்டி பொலிசியைத் திறந்து, லொக்கல் பொலிசீஸ், யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் என்று இறங்குங்கள். ‘லொக் பேஜஸ் இன் மெமரி’யில் சேர்விஸ் கணக்கைச் சேர்க்கவும். பெயர் அகப்படவில்லை என்றால் ‘லொக்கேஷன்ஸ்’ பொத்தானில் இந்தக் கணினியின் பெயர் தெரிவாகியிருக்கிறதா பாருங்கள். பின்னொரு நாள் கணக்கை மாற்றினால் புதியதற்கும் இந்த உரிமையைக் கொடுக்கவேண்டும். அதே பட்டியலில் ‘பெர்ஃபோம் வொல்யூம் மெயின்டனன்ஸ் டாஸ்க்ஸ்’ உரிமையையும் கொடுத்தால் டேட்டா கோப்பு வளரும்போது காத்திருப்பு குறையும்.

சேர்விசை ரீஸ்டார்ட் செய்தால்தான் உரிமை பிடிக்கும். பிறகு எரர் லொக்கின் தொடக்க வரிகளில் ‘யூசிங் லொக்ட் பேஜஸ் இன் த மெமரி மனேஜர்’ இருக்கவேண்டும். ‘கன்வென்ஷனல்’ என்றிருந்தால் உரிமை வேறு கணக்குக்குப் போயிருக்கிறது. அலுவலகம் மூடிய பின் முழுக் கணினியையும் ஒருமுறை ரீபூட் செய்து, யாரும் லொகின் செய்யாமலே மற்றக் கணினியிலிருந்து இணைந்து பாருங்கள்.

டாஸ்க் மனேஜரில் எஸ்.கியூ.எல். சேர்வர் திடீரென்று சில நூறு எம்.பி. மட்டும் காட்டினால் பயப்படவேண்டாம். பூட்டிய நினைவகத்தை டாஸ்க் மனேஜர் அந்தத் தொகையில் சேர்ப்பதில்லை. உண்மையான அளவு, மனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் கேள்வி எழுதிப் பார்க்கக்கூடிய ‘சிஸ்.டிஎம்_ஓஎஸ்_ப்ரொசஸ்_மெமரி’யில் இருக்கும்.