கிராமப்புறக் கிளர்ச்சி பற்றி ஆய்வேடு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

திருவாரூர்ப் பக்கம் வரலாறு படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். மலேயாவில் 1949-இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் கணபதி நம் பக்கத்துத் தம்பிக்கோட்டைக்காரர் என்பதால், பலரும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகள் நடத்திய மலேயாக் கிளர்ச்சியைத்தான் எடுக்கிறார்கள். வருடம் மாறுவது, பெயர்ப் பிழை எல்லாம் சரிசெய்துகொள்ளலாம். வாதத்தையே கவிழ்க்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிணக்கணக்கை வெற்றியாக எழுதுவது

வேண்டாம். வியட்நாமில் அமெரிக்கப் படை அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. ஆனாலும் 1975-இல் தென்வியட்நாம் தலைநகர் சைகோன் விழுந்தது.

மலேயாவில் வென்றது முள்வேலி என்று முடிப்பது

வருடாவருடம் இதைப் படித்து எரிச்சலாகிறேன். பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி 1950 முதல் சுமார் 5 லட்சம் பேரை வேலியடைத்த புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள், காட்டுக்குள் அரிசி போவது நின்றது, கிளர்ச்சி ஒழிந்தது என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். குடியேற்றப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் காட்டோரத்தில் பட்டா இல்லாமல் பயிர் செய்த சீனர்கள். வேலிக்குள் அடைபட்டது கொடுமைதான். ஆனால் கூடவே மனைக்கு உரிமை வந்தது, பலருக்குக் குடியுரிமை வந்தது, 1957-இல் நாட்டுக்கு விடுதலையும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரநிலை 1960 வரை நீடித்தது.

அதே வேலியை 1962-இல் தென்வியட்நாம் அரசு மேகாங் டெல்டாவிலும் போட்டது. அங்கே இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் கரையில் வீடு கட்டி, பக்கத்திலேயே முன்னோரைப் புதைத்து வாழ்ந்த நெல் விவசாயிகள். ஒரு மாணவரிடம், "வயலை விட்டு நாலு மைல் தள்ளிக் குடியிருக்க முடியுமா என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்" என்றேன். மறுநாள் வந்து, "முறைத் தண்ணி விடுற ராத்திரி வாமடையில ஆள் இல்லன்னா நாத்து காஞ்சிடும்னு அப்பா சொல்றாங்க சார்" என்றார். அந்தப் பதிலையே அத்தியாயத்தின் மையமாக வைக்கச் சொன்னேன். மேகாங் டெல்டாவில் குடியானவர்கள் வேலியை வெட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1963 நவம்பரில் அதிபர் சியெம் கொல்லப்பட்டதும் திட்டம் குலைந்தது.

சட்டங்களைப் படிக்காமல் விடுவது

நம் கீழத்தஞ்சை விவசாயக் கூலிகளின் போராட்டத்தை எடுப்பவர்களுக்கு இது. அன்று கூலி கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம்; மனைக்கட்டு மிராசுதாருடையதாக இருந்தது. தடை, சிறை, துப்பாக்கிச்சூடு எதுவும் விவசாயிகள் சங்கத்தை அழிக்கவில்லை. 1952-இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அப்படியும் 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1969-இல் கூலிச் சட்டம், 1971-இல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம். காவல்துறை நடவடிக்கைக்கு நாற்பது பக்கம் ஒதுக்கிவிட்டு இவற்றை அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள்.

தெலங்கானாவும் தஞ்சையும் ஒன்று என்பது

இல்லை. அங்கே 1946 முதல் 1951 வரை ஆயுதப் போராட்டம் நடந்தது. இங்கே முக்கியமாகச் சங்கம், கூலி, குத்தகை. தனித்தனி அத்தியாயமாக எழுதுங்கள்.