பால்சா விமானம் கட்ட ஒரு தையற்காரியின் யோசனைகள்

குத்தாலத்தில் ஜாக்கெட் தைப்பவள் நான். அண்ணன் மகன் பிறந்தநாளுக்கு வந்த, பால்சா மரத் துண்டுகளை ஒட்டிப் பொம்மை விமானம் கட்டும் கிட்டைப் பாதியில் போட்டுவிட்டு, "அத்தை, நீங்களே முடிச்சுடுங்க" என்று என் வெட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான். 18 அங்குல இறக்கை, ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் ரகம். முதல் இறக்கையைக் கெடுத்தேன். தனியாகப் பால்சா வாங்கிக் கட்டிய இரண்டாவது பறந்தது.

தஞ்சாவூரில் நெட்டியில் கோயில் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களே, பால்சாவைக் கையில் எடுத்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் நெட்டி ஏரி குளத்தில் வளரும் செடி, இது தென் அமெரிக்க மரம். பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. தேக்கில் கால் பங்கு எடைகூட இருக்காது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடலிலேயே ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் இதைத்தான் வைத்தார்கள்.

முதலில் குண்டூசி இறங்கும் பலகை ஒன்று வேண்டும். நோட்டீஸ் போர்டுக்குப் போடும் மெத்துப் பலகை போதும், ஆனால் வளைவு இருக்கக் கூடாது. அதன் மேல் பிளானை, அதாவது விமானத்தின் வரைபடத்தை விரித்து, மேலே பாலிதீன் தாளை இழுத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கையோடு பிளானும் சேர்ந்து வரும். குச்சிகளைக் கோட்டின் மேல் வைத்து ஊசியால் நிறுத்த வேண்டும். துணியில் குத்துகிற பழக்கத்தில் குச்சியின் நடுவிலேயே குத்திவிட்டேன், பிளந்துவிட்டது. இரண்டு பக்கமும் சாய்வாக ஊசி வைத்து நடுவில் குச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளேடு புதிதாக இருக்கட்டும். மொட்டை பிளேடு பால்சாவை வெட்டாது, நசுக்கும். விலாக்களை, அதாவது இறக்கைக்குக் குறுக்கே வரும் வளைந்த துண்டுகளை, ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுங்கள். இயந்திரத்தில் வெட்டி வரும் கிட் என்றாலும் பலகையிலிருந்து விரலால் தள்ளி எடுக்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பிளேடு வைத்து விடுவித்து, உப்புத்தாளில் லேசாக ஒரு தேய்ப்பு.

பசைக்கு ஃபெவிகால் நல்லது. ஈர்க்குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும், வழிந்தால் எடைதான். ஃபெவிக்விக் அவசரக்காரர்களுக்கு. கோணலாக ஒட்டிவிட்டால் திருத்த நேரம் தராது.

நான் கெட்டது இங்கேதான். கார்த்திகை மாதம், வெளியே மழை விடவில்லை. ஒட்டி ஒரு மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது, ஊசிகளைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் காலையில் இறக்கை பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு கிடந்தது. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். நம் பக்கம் சாதாரண நாளில் ஒரு இரவு, மழை நாளில் இரண்டு இரவு ஊசியிலேயே கிடக்கட்டும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம்.

இரண்டு இறக்கைகளும் நடுவில் சேரும் இடத்தில் லேசாக மேல்நோக்கி மடங்கி நிற்க வேண்டும். விமானம் பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்வது அதனால்தான். ஒரு பக்கத்தைப் பலகையில் குத்திவைத்து, மறுபக்க நுனிக்கு அடியில் பிளானில் சொன்ன உயரத்துக்குத் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினேன்.

இறக்கைச் சட்டத்தின் மேல் மெல்லிய தாள் ஒட்டுவது எனக்குச் சுலபமாக வந்தது. துணிக்கு நேர்நூல் இருப்பதுபோல டிஷ்யூ தாளுக்கும் உண்டு. ஓரத்தில் கிழித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அந்தப் போக்கு இறக்கையின் நீளவாட்டில் வர வேண்டும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சட்டத்தின் ஓரங்களில் தடவி, அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. சுருக்கம் இருந்தால் கவலை இல்லை. இஸ்திரிக்கு வைத்திருக்கும் ஸ்பிரேயால் பனி மாதிரித் தண்ணீர் தெளித்தால், காயும்போது தாள் தானே இறுகும். அந்த இறுக்கம் இறக்கையை முறுக்கவும் செய்யும், அதனால் அடியில் காற்று போக நாலு குச்சி வைத்து மறுபடியும் பலகையில் ஊசியால் நிறுத்துங்கள். தாளின் மேலே டோப் என்கிற மெருகைப் பூசுவார்கள். நான் நிறமில்லாத நகப்பூச்சில் அசிட்டோன் கலந்து ஒரே ஒரு கை பூசினேன். மழை நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் வந்து படிவதுதான் காரணம்.

அப்படியும் முறுக்கிக்கொண்டால் இட்லிப் பானை ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் திருகி, ஆறும் வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, பிளானில் குறி இல்லையென்றால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தாங்கிப் பாருங்கள். வால் தொங்கினால் மூக்கில் களிமண். வயல் களிமண் வேண்டாம், காய்ந்தால் எடை குறைந்து கணக்கு மாறிவிடும். பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண் காயாது. ரப்பருக்கு விளக்கெண்ணெய் ஒரு சொட்டு.

பறக்கவிட மாசி மாதக் காலை நேரம் சரி. காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும். ஆடிக் காற்றில் முயற்சி செய்யாதீர்கள். முதலில் ரப்பரை முறுக்காமல் தோள் உயரத்திலிருந்து லேசாகக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். தூக்கித் தூக்கி விழுந்தால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண், குப்புற விழுந்தால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அப்புறம் 50 சுற்று.

1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்பவர் ரப்பர் முறுக்கில் விட்ட விமானம் 11 நொடி பறந்ததாம். எங்களுடையது களத்திலிருந்து கிளம்பி 9 நொடி போய், சம்பா அறுத்த தாளுக்கு நடுவே தழைத்திருந்த உளுந்தில் உட்கார்ந்தது. பிள்ளை பாய்ந்தான். "டேய், உளுந்தை மிதிக்காதே, வரப்போட சுத்திப் போ" என்று கத்தினேன்.