பார்மசி: கல்லூரிக்கு முன் உரிமத்தைப் பாருங்கள்

பார்மசியை இங்கே படிப்பதா, வெளிநாட்டிலா என்று குழம்புகிறவர்கள் முதலில் கல்லூரியைத் தேடாதீர்கள். எந்த நாட்டில் மருந்தாளுநராக வேலை பார்க்க ஆசையோ, அந்த நாட்டு உரிம வாரியத்தின் தகுதிப் பக்கத்தைத் திறந்து, எத்தனை வருடப் படிப்பு கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-க்குப் பிறகு வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் அங்கே உரிமத்துக்கான முதல் தேர்வை எழுதவே ஐந்து வருட பார்மசி படிப்பு வேண்டும். நம் பார்மசி இளநிலைப் பட்டமான பி.பார்ம் நான்கு வருடம்தான். இங்கே உள்ள இன்னொரு பார்மசி பட்டமான ஃபார்ம்.டி ஆறு வருடம், அதில் கடைசி வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. ஆக, பல லட்சம் கடன் வாங்கி அங்கே போய்த்தான் பட்டம் வாங்க வேண்டும் என்பதில்லை. இங்கேயே ஃபார்ம்.டி முடித்துவிட்டு அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரே கல்லூரியில் பி.பார்முக்கு அங்கீகாரம் இருந்து ஃபார்ம்.டிக்கு இல்லாமல் போகலாம். அதனால் இந்திய பார்மசி கவுன்சில் பட்டியலில் படிப்பின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். அதேபோல், வெளிநாட்டில் படித்துவிட்டு ஊரில் மருந்துக்கடை வைக்க நினைப்பவர்கள், அந்தப் பட்டத்தைக் கவுன்சில் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

மருந்துக் கம்பெனி, ஆராய்ச்சி, மேற்படிப்பு என்று போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பொதுவாக மருந்தாளுநர் உரிமம் கேட்பதில்லை, தொடங்குவதற்கு பி.பார்மே போதும்.