காப்புரிமை முடியும் தேதியைக் கணக்கிடும் முறை

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ரோலர் செய்யும் பட்டறைக்காரருக்கும், நாகர்கோவிலில் பொறியியல் படித்தபோது செய்த புராஜெக்டுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கோரிய மாணவருக்கும், மருந்தின் விலை எப்போது இறங்கும் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒரு காப்புரிமை எந்த நாள் வரை செல்லும்? காப்புரிமை வழங்கப்பட்ட தேதியோடு இருபதைக் கூட்டி விடை சொல்வது பலருடைய வழக்கம். அந்த விடை பெரும்பாலும் சில ஆண்டுகள் தவறிப்போகிறது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் 53-ஆம் பிரிவின்படி, காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்ட நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆய்வுக்கும் ஆட்சேபத்துக்கும் பதிலுக்குமாக அலுவலகத்தில் கழியும் காலமும் இதற்குள்ளேயே அடங்கும். 2003 மே 20-க்கு முன்பு பொதுவாக 14 ஆண்டுகளும், உணவு, மருந்து ஆகியவற்றின் தயாரிப்பு முறைகளுக்கு அதைவிட மிகக் குறைந்த காலமும் இருந்தன. அன்று உயிரோடு இருந்த காப்புரிமைகளுக்கும் 20 ஆண்டுக் கணக்கே பொருந்தியதால், பழைய கணக்கைப் பற்றி இன்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை, தாக்கல் தேதியைச் சரியாகக் கண்டறிவது. குலசேகரத்துப் பட்டறைக்காரர் ஒருவர் புதிய வகை ரோலருக்கான தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தை, 2021 ஜூன் 10 அன்று தாக்கல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருபவை. இணையவழியே தாக்கல் செய்யலாம். தற்காலிக விவரக்குறிப்புக்குப் பின் 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு போய்ச் சேர வேண்டும். அவர் அதை 2022 ஜூன் 6 அன்று தருகிறார். 2025 பிப்ரவரி 14 அன்று காப்புரிமை கிடைக்கிறது. கையில் மூன்று தேதிகள் இருந்தாலும் எண்ணத் தொடங்க வேண்டியது முதல் தேதியிலிருந்து. அவருடைய காப்புரிமை 2041 ஜூன் 10-உடன் முடிகிறது; கிடைத்த நாளிலிருந்து பார்த்தால் பதினாறு ஆண்டுகளும் சில மாதங்களுமே மிச்சம்.

காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பாக விண்ணப்பதாரர் கேட்டுக்கொண்டால், தற்காலிக விவரக்குறிப்பை ரத்துசெய்து, விண்ணப்பத்தின் தேதியை முழு விவரக்குறிப்பு தாக்கலான நாளுக்குத் தள்ளிவைக்க 9-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிச் செய்தால் முடிவுத் தேதியும் 2042 ஜூன் 6-க்கு நகரும். ஆனால் கண்டுபிடிப்பு புதியதா என்று அளக்க அடிப்படையாகும் முன்னுரிமைத் தேதியும் அதோடு சேர்ந்து நகர்ந்துவிடும். இடைப்பட்ட அந்த ஓராண்டில் யாரேனும் அதே அமைப்பை வெளியிட்டிருந்தாலோ, கண்டுபிடித்தவரே கண்காட்சி, செய்தித்தாள் என்று பொதுவில் சொல்லியிருந்தாலோ, முழுக் காப்புரிமைக்குமே ஆபத்து வரும். கடைசியில் கிடைக்கும் ஓராண்டுக்காக முதலில் உள்ள ஓராண்டைப் பணயம் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் விண்ணப்பங்களில் வேறு நுணுக்கம் உண்டு. ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் காப்புரிமை கோர உதவும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியே, அதாவது பி.சி.டி. முறையில் வந்தவற்றுக்கு, சர்வதேசத் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டுகள் ஓடும். இந்தியக் கட்டத்துக்குள், அதாவது இந்திய அலுவலகத்தின் பரிசீலனைக்குள், எந்த நாளில் நுழைந்தது என்பது கணக்கில் சேராது. வெளிநாட்டில் முதலில் தாக்கலான தேதிக்கு முன்னுரிமை தரும் பாரிஸ் உடன்படிக்கையின் வழியே நேரடியாக இங்கே தாக்கலானவற்றுக்கு இந்தியத் தாக்கல் தேதியே தொடக்கம்; வெளிநாட்டு முன்னுரிமைத் தேதி புதுமையை அளக்க மட்டுமே பயன்படும். ஒரு விண்ணப்பத்திலிருந்து பிரித்தெடுத்த விண்ணப்பம் தாய் விண்ணப்பத்தின் தேதியையே பெறும். முதன்மைக் கண்டுபிடிப்பில் செய்த மேம்பாட்டுக்குப் பெறும் கூடுதல் காப்புரிமை தன் முதன்மைக் காப்புரிமையோடு சேர்ந்தே முடியும். அதற்குத் தனியே புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை.

இதுவரை கண்டது உச்ச வரம்பு மட்டுமே. அந்த நாள் வரை காப்புரிமை உயிரோடு இருக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் கிடையாது; மூன்றாம் ஆண்டுக்கானதை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் செலுத்த வேண்டும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழிக் கட்டணம் 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய், 7 முதல் 10 வரை 2,400, 11 முதல் 15 வரை 4,800, 16 முதல் 20 வரை 8,000. இருபது ஆண்டுகளையும் முழுதாகக் காப்பாற்ற மொத்தம் 76,800 ரூபாய் ஆகும். பெரிய நிறுவனங்களுக்கு இதைப் போல ஐந்து மடங்கு. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கான கட்டணத்தை இணையவழியே முன்கூட்டிச் செலுத்துவோருக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. நாள் மறக்கும் வாய்ப்புள்ளவர்கள் தள்ளுபடியைவிட அந்த நிம்மதிக்காகவே இதைச் செய்யலாம்.

பட்டறைக்காரரின் கணக்குக்குத் திரும்புவோம். காப்புரிமை கிடைத்தபோது மூன்றாம் ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. எனவே அவ்விரு ஆண்டுகளுக்கான 1,600 ரூபாயை, காப்புரிமை பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செலுத்த வேண்டும். ஐந்தாம் ஆண்டுக்கான கட்டணம் 2025 ஜூன் 10-க்கு முன்பே செலுத்தப்பட வேண்டியது. அதாவது முதல் தொகையைக் கட்டி முடித்த கையோடு அடுத்தது வந்து நிற்கும். சான்றிதழுக்கு ஃபிரேம் போட்டு மாட்டும் மகிழ்ச்சியில் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். தவணை தவறினால், மாதத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் கட்டி ஆறு மாதங்கள் வரை நீட்டிப்புப் பெறலாம். அதுவும் தாண்டினால் காப்புரிமை செயலற்றுப் போகும். அதன்பின், செயலற்றுப் போன நாளிலிருந்து 18 மாதங்களுக்குள், தவறியது வேண்டுமென்றே நிகழ்ந்ததல்ல என்பதைக் காட்டி, மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம்.

நீட்டிப்பு என்ற பேச்சு இத்தோடு முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளும் கூட்டித்தர இந்தியச் சட்டத்தில் வழியில்லை; அலுவலகம் தாமதித்தாலும், மருந்துக்கு உரிமம் பெறுவதில் காலம் கழிந்தாலும் அப்படியே. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைத்த புவிசார் குறியீடு பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து புதுப்பிக்கக்கூடியது. காப்புரிமையும் அப்படித்தான் என்று நம்மூரில் சிலர் எண்ணுவது சரியல்ல.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அலுவலகத் தாமதத்துக்கு ஈடாக நாட்கள் கூட்டப்படுகின்றன. அதுபோக, மருந்துக்கு அனுமதி பெறக் கழிந்த காலத்துக்காக 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் நீட்டிப்புப் பெறலாம். ஆனால் அனுமதி கிடைத்த நாளிலிருந்து எஞ்சும் ஆயுள் 14 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவிலும் மருந்துகளுக்கு ஐந்து ஆண்டுகள் வரையிலான துணைப் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. எனவே இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க முடிவுத் தேதியை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாக்ளுடைட் மருந்தின் மூலக்கூறுக் காப்புரிமைக்கான பி.சி.டி. விண்ணப்பம் 2006 மார்ச் 20 அன்று தாக்கலானது. இந்தியாவில் அதன் ஆயுள் 2026 மார்ச்சோடு முடிய, அமெரிக்காவிலோ நீட்டிப்புகளால் அடுத்த பத்தாண்டின் தொடக்கம் வரை செல்கிறது. கனடாவில் பராமரிப்புக் கட்டணம் கட்டப்படாததால் அதே காப்புரிமை முன்கூட்டியே செயலிழந்தது. ஒரே கண்டுபிடிப்புக்கு மூன்று நாடுகளில் மூன்று முடிவு.

மருந்தைப் பொறுத்தவரை மூலக்கூறுக் காப்புரிமையின் தேதியை மட்டும் பார்ப்பது போதாது. உப்பு வடிவம், கலவை, தயாரிப்பு முறை என்று பின்னாளில் தனித்தனிக் காப்புரிமைகள் கோரப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இருபதாண்டு. காசநோய் மருந்தான பெடாகுலைனின் முதன்மைக் காப்புரிமை 2023 ஜூலை 18 அன்று முடிந்தது. அதன் ஃபியூமரேட் உப்புக்கான விண்ணப்பத்தை அதே ஆண்டு மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்திராவிட்டால், தடை மேலும் நான்கு ஆண்டுகள் நீண்டிருக்கும். ஏற்கெனவே தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, பயன்திறன் கூடாவிட்டால் காப்புரிமை மறுக்கும் 3(டி) பிரிவு மருந்துகளில் எவ்வளவு உயிர்காக்கும் பிரிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறருடைய காப்புரிமை முடிந்துவிட்டதா என்று பார்க்க, அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளத்தில் விண்ணப்ப எண்ணையோ காப்புரிமை எண்ணையோ இட்டு, இ-ரிஜிஸ்டரைத் திறந்தால் போதும். தாக்கல் தேதியும், எந்த ஆண்டு வரை கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது என்பதும், தற்போதைய நிலையும் அதில் இருக்கும். கட்டணம் தவறியதால் செயலிழந்த காப்புரிமை என்று தெரியவந்தால், மீட்டெடுப்புக்கான 18 மாதங்கள் கழிந்தனவா, அதற்குள் விண்ணப்பம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே முதலீட்டில் இறங்குவது நல்லது. இடைக்காலத்தில் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு 62-ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்றாலும், புதிய அச்சும் எந்திரமும் வாங்கிவிட்டு அந்தப் பாதுகாப்பை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் நிலைக்கு ஒரு சிறு பட்டறை தன்னைத் தள்ளிக்கொள்ள வேண்டியதில்லை.